அந்த மரத்துக்கு மேலே பறவை எதுவும் பறக்கவில்லை

அண்ணே, நீங்கள் திருடினீர்கள்.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது. தூங்குமூஞ்சி மரமும் அதற்கு மேலே மூன்று பறவைகளுமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கீழே உங்கள் பெயரை ஒட்டி மண்டபத்தில் மாட்டினீர்களே, அது நான் எடுத்த படம். முக்காலியை நிறுத்தியது நான். ஃபிலிமைக் கழுவியது நான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. அதனால் இனிமேல் அவர்களிடம் பேசுகிறேன். உங்களிடம் கடைசியில் வருகிறேன்.

அவருடைய ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. பினாங்கில், பள்ளிவாசல் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி இருந்தது கடை. கீழே ஸ்டூடியோ, மேலே அவர் குடும்பம். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண ஜோடிகள். உள்ளே படம் பிடிக்கும் அறை, அங்கே ஏரியும் இரண்டு அன்னமும் வரைந்த திரை. அதற்கும் பின்னால், மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத இருட்டறை. முன்பக்கம் அவருடையது. பின்பக்கம் என்னுடையது. அவர் சட்டையில் ஒரு நாளும் மருந்துக் கறை பட்டதில்லை. என் விரல் நகங்கள் எல்லாம் பழுப்பு.

என் வேலைக்குப் பெயர் டச்சிங். நெகட்டிவ்வில் எல்லாம் தலைகீழ். கறுப்பான இடம் படத்தில் வெள்ளையாக விழும், வெளிச்சம் ஊடுருவும் இடம் படத்தில் கறுப்பாக விழும். ஆகவே நெகட்டிவ்வில் பென்சிலால் தொட்டால், தொட்ட இடம் படத்தில் வெளுத்துப் போகும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். முதலில் பிசினும் டர்பன்டைனும் கலந்த மருந்தைப் பஞ்சால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் வழுக்கும். அப்புறம் உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிய பென்சிலால், பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு பருவாக, ஒவ்வொரு சுருக்கமாக நிரப்ப வேண்டும். பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு. பென்சில் முழுதும் போய்விடும். நெகட்டிவ் பழையபடி நிற்கும்.

கடைக்கு வந்த எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வெள்ளையாக்கு. ஐ.சி. என்கிற அடையாள அட்டைப் படத்துக்கு வந்தவரும் கேட்டார், பெண் பார்க்க அனுப்பப் படம் எடுக்க வந்தவர்களும் கேட்டார்கள். வருடக் கணக்கில் எங்கள் ஆட்களின் கன்னத்தை நான் பென்சிலால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதோடு அண்ணன் ஃபிலிமை மிச்சம் பிடிப்பவர். ஒரு நிலைக்கு ஒரு படம்தான். மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டால் மூடியதுதான். பிறகு நான் பிரிண்டின் மேல் தூரிகையால் கண் வரைவேன். ஜார்ஜ் டவுனில் அந்தக் காலத்துக் கல்யாணப் படம் வைத்திருப்பவர்கள் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை உங்களைப் பார்க்காமல் உங்கள் காதைப் பார்க்கிறாரா? அது என் கண்.

இதை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை. கடையின் மானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைக்கு மானம் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, சொல்கிறேன்.

இருட்டறை அலமாரிக்கு அடியில் ஒரு பழைய மடிப்புக் கேமரா கிடந்தது. துருத்தியில் இரண்டு ஓட்டை, கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் போகட்டுமா என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"எடுத்துக்கோ," என்றார். "ஆனா ஆளுங்கள எடுக்கக் கூடாது. நீ ஆள எடுத்தா என் கஸ்டமர் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"அப்ப எதை எடுக்கிறது, அண்ணே?"

"மரத்த எடு. மரம் காசு கொடுக்காது லா."

சிரித்தார். முன்னறையில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நான் மரத்தை எடுக்க ஆரம்பித்தது இப்படித்தான். எனக்கு மரத்தின் மேல் ஆசை ஒன்றும் இருக்கவில்லை. அவர் என்னிடம் விட்டது அது ஒன்றுதான்.

ஆனால் இரண்டு மாதத்தில் எனக்கு ஒன்று பிடித்துப் போயிற்று. மரம் தன்னை வெள்ளையாக்கச் சொல்லவில்லை. பட்டையில் புண் இருந்தால் புண் இருந்தது. கடற்கரையில் அங்சானா மரங்களை எடுத்தேன். தண்ணீர்மலைத் தோட்டத்தில் எடுத்தேன். ஆள் இல்லாத கடைவீட்டின் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலங்கன்றை எடுத்தேன். முதல் பத்து ரோல் குப்பை. நம் ஊர் வெயிலில் மரத்தை எடுத்தால் மேலே வெள்ளைக் கிழிசல், கீழே கரிமூட்டை, நடுவில் ஒன்றும் வராது. கண்ணுக்கு ஆயிரம் பச்சை தெரியும், ஃபிலிமுக்கு எல்லாம் ஒரே சாம்பல். மேகம் போட்ட நாளில், மழை விட்ட கையோடு, பட்டை நனைந்து கறுத்திருக்கும்போது எடுத்தால்தான் மரம் மரமாக விழும் என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணனுக்கே அது தெரியாது. அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே நீர்நிலை திரையில் இருந்த ஏரி.

கழுவுவது இன்னொரு பாடு. மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். பினாங்கில் குழாயைத் திறந்தாலே தண்ணீர் சூடாக வரும். பக்கத்தில் ஐஸ் கச்சாங் விற்ற சீனப் பெண்ணிடம் ஐஸ் துண்டு வாங்கி வாளியில் போட்டு, அதில் மருந்து பாட்டிலை நிறுத்தி வைப்பேன். என் ஃபிலிமுக்குச் சர்க்கரைப் பாகு வேண்டாமா என்று அவள் தினமும் கேட்பாள். அந்தத் தெருவில் என் மரங்களைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

இப்போது அந்த மரத்துக்கு வருகிறேன்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் சந்து பெரிய சாலையில் போய்ச் சேரும் முனையில் அது நின்றது. நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரம். கிளைகள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கக் காப்பிக் கடைக் கூரை வரை போகும். மாலையில் இலையை மூடிக்கொள்ளும், காலையில் திறக்கும். அதன் கீழே சைக்கிள் டயர் ஒட்டுகிற ஒருவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், வேரின் இடுக்கில் சிவப்பு வண்ணம் அடித்த ஒரு சின்னக் கோயில், வெற்றிலை வைக்கிறவர்கள், ஊதுவத்தி வைக்கிறவர்கள். தினமும் நான் அதைக் கடந்து போனேன். அடுத்த மாதம் எடுக்கலாம், அடுத்த மாதம் எடுக்கலாம் என்று தள்ளிப் போட்டேன். வீட்டு முனையில் இருப்பதுதானே, எங்கே போய்விடும்?

ஒரு சனிக்கிழமை மாலை வேலை விட்டு வந்தபோது அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். டயர் ஒட்டுகிறவர் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வெட்டுவார்கள் என்றார்.

மறுநாள் விடியற்காலையில் மழை பெய்தது. ஏழு மணிக்கு விட்டது. காப்பிக் கடைக்காரரிடம் கேட்டு, ஒரு மேசையை வாசலுக்கு இழுத்து, அதன் மேல் முக்காலியை நிறுத்தினேன். பெருக்கல் குறி வேருக்குப் பின்னால் மறைகிற மாதிரி இடம் பார்த்தேன். மரம் நனைந்து கன்னங்கரேல் என்றிருந்தது. இலைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. வானம் ஒரே வெள்ளை. ஃபிலிமில் கடைசி இரண்டு படம்தான் மிச்சம். முதல் படத்தை அமுக்கியபோது ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. இரண்டாவதை அமுக்கினேன். நான்கு எண்ணும்வரை ஷட்டரை அமுக்கியே பிடித்திருந்தேன். காற்று இல்லை. ஒரு இலை அசையவில்லை.

வானத்தில் ஒன்றும் பறக்கவில்லை. காகம் இல்லை, மைனா இல்லை, ஒரு பூச்சி இல்லை. இதைக் கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

அடுத்து நடந்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் அவர் வீட்டுக்கும் பங்கு உண்டு.

ஃபிலிமை டேங்க் என்கிற கழுவும் டப்பாவுக்குள் சுருட்டி மருந்தை ஊற்றியதும், டேங்க்கைக் கல்லில் இரண்டு முறை நன்றாகத் தட்ட வேண்டும். தட்டினால்தான் ஃபிலிமில் ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழி விடுபடும். தட்டாவிட்டால் குமிழி இருந்த இடத்தில் மருந்து படாது, அங்கே நெகட்டிவ் வெறுமையாக நிற்கும், படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும். டச்சிங் பழகுமுன் நான் பழகியது இந்தத் தட்டுதான். ஆனால் அந்தக் கல் மாடிப்படியோடு ஒட்டியது. தட்டினால் சத்தம் நேரே மேலே போகும். அண்ணிக்குத் தலைவலி. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்குவார். ஒரு தடவை படியிறங்கி வந்து, "இன்னொரு தட்டு தட்டினே, அந்த டேங்க்கால உன் தலையிலயே தட்டுவேன்," என்றார். அன்றிலிருந்து ஒன்றிலிருந்து மூன்று வரை தட்டக் கூடாது என்பது கடைச் சட்டம். அண்ணனும் தலையை ஆட்டினார்.

நான் எப்போதும் காலையில்தான் கழுவுவேன். அந்தத் திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடமே ஐ.சி. படத்துக்கு வந்து நின்றது. ஒன்றரை மணிக்குத்தான் கை ஓய்ந்தது. மூன்று மணி வரை எனக்குப் பொறுக்கவில்லை. தட்டாமல், மெல்லக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன்.

மற்ற படங்களில் ஒன்றுமில்லை. அந்த ஒரு படத்தில், வானத்தில், மரத்துக்கு வலப்பக்கம், மூன்று குமிழி. குண்டூசித் தலை அளவு மூன்று வட்டம்.

பரவாயில்லை, அதுவரை வெட்டாமல் இருந்தால் அடுத்த ஞாயிறு திரும்ப எடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது மரம் இல்லை. சாலை முழுக்க இலை. லாரியில் கட்டைகள். அடிமரம் இருந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தைவிட அகலமான ஒரு வட்டம், ஈரமாக. என் அம்மா வாசலில் நின்று, சந்துக்குள் எவ்வளவு வெளிச்சம் என்று சொன்னார். எனக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

ஆகவே இருந்தது அந்த ஒரு நெகட்டிவ்தான், மூன்று வட்டத்தோடு. வட்டத்தை முழுதாகப் பென்சிலால் நிரப்பி வானத்தோடு சேர்க்கப் பார்த்தேன். சேரவில்லை. வெள்ளை வானத்தில் எந்த ஒட்டும் தெரியும். பஞ்சால் துடைத்தேன். திரும்ப நிரப்பினேன். திரும்பத் துடைத்தேன். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் இப்படியே போயிற்று. அப்போதுதான், முழுதாக நிரப்பாமல் மேலும் கீழும் மட்டும் நிரப்பி நடுவில் கொஞ்சம் விட்டால் என்ன என்று தோன்றியது. வட்டத்தின் மேலே ஒரு குழி, கீழே இரண்டு சரிவு. மிச்சம் நிற்பது இரண்டு சிறகு. தூரத்துப் பறவை அவ்வளவுதானே.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றும் முடிந்தது. மூன்றாவதை முடிக்கும்போது பென்சில் முனை ஒடிந்து, இடது சிறகில் கொஞ்சம் அதிகமாக நிரப்பிவிட்டேன். அது மற்ற இரண்டையும்விடக் குட்டையான சிறகு. துடைத்துவிட்டுத் திரும்பச் செய்ய மனம் வரவில்லை. மூன்று தடவைக்கு மேல் துடைத்தால் ஃபிலிம் தாங்காது.

இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஏமாற்றுதான். மாப்பிள்ளைக்குக் கண் வரைந்த கை, வானத்துக்குப் பறவை வரைந்தது. ஆனால் அது என் ஏமாற்று. அவருடையது இல்லை.

ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். அவரிடம் காட்டினேன். வாசல் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் மாட்டலாமா என்று கேட்டேன். அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கடைக்கு வர்றவன் தன் மூஞ்சியப் பார்க்க வர்றான். மரத்தையா பார்க்க வர்றான்? கொண்டு போ," என்றார். கொண்டு போனேன். அந்தப் பிரிண்ட் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணம் ஆகி, அக்கரைக்கு, பாகான் டாலாமுக்குப் போனேன். வேலையை விடும்போது என் நெகட்டிவ் உறைகளைக் கேட்டேன். மரங்கள் மட்டும் இரண்டு டப்பா. அவற்றைக் கடை அலமாரியில்தான் வைத்திருந்தேன், ஏனென்றால் அந்த அலமாரிக்குள் ராப்பகலாக ஒரு பல்பு எரியும். அந்தச் சூட்டில்தான் இந்த ஊர் ஈரத்தில் ஃபிலிம் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். பினாங்கில் ஃபிலிம் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும், பல்பு அலமாரி இல்லாத வீட்டில் நெகட்டிவ் இரண்டு மழைக்காலம் தாங்காது.

"அங்க போயி எங்க வைப்பே?" என்றார். "உன் புருஷன் வீட்டுல பல்பு அலமாரி இருக்கா? பூஞ்சை தின்னுடும். இங்கேயே கிடக்கட்டும். எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கலாம் லா, தங்கச்சி."

அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒரே தடவை அது. நான் அதை அன்பு என்று நம்பினேன். நான் செய்த முட்டாள்தனங்களில் அதுதான் பெரியது. பிறகு இரண்டு முறை பெரி ஏறி, கடல் தாண்டி வந்து கேட்டேன். ஒரு முறை அலமாரிச் சாவி அண்ணியிடம், அண்ணி கடைத்தெருவில். இன்னொரு முறை பழசு எல்லாம் தூக்கிப் போட்டாயிற்று என்றார். நான் நம்பினேன். இரண்டு பிள்ளைகள், வீட்டு வேலை, கணவரின் ஷிப்ட். மரத்தை நினைக்க நேரம் இல்லை.

போன வருடக் கடைசியில் என் சின்ன மகள் பள்ளியில் எல்லாரையும் ஜார்ஜ் டவுனில் ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். பழைய பினாங்குப் படங்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நம்ம கூடத்துல மாட்டியிருக்கிற மரம் அங்க கதவு அளவுக்கு இருக்கு," என்றாள்.

மறுநாள் நான் பெரி ஏறினேன்.

கதவு அளவுக்குத்தான் இருந்தது. அவ்வளவு பெரிதாக என் மரத்தை நான் பார்த்ததே இல்லை. பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. வேர் இடுக்குக் கோயிலில் யாரோ வைத்த வாழைப்பழம் தெரிந்தது. மூன்று பறவைகளும் என் கை அளவு. கிட்டே போய்ப் பார்த்தேன். சிறகின் ஓரத்தில் என் பென்சில் கோடுகள், வரி வரியாக. விவரம் தெரியாதவன் இறகு என்பான். மூன்றாவதன் இடது சிறகு குட்டை. கீழே அட்டையில் அண்ணன் பெயர். அதற்கும் கீழே, வேண்டிய அளவில் பிரிண்ட் செய்து தரப்படும் என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிரிண்ட் செய்து தர வேண்டுமென்றால் நெகட்டிவ் வேண்டும். ஆக, எதையும் தூக்கிப் போடவில்லை.

அவரும் அங்கே இருந்தார். முடி முழுக்க நரைத்து, பத்திக் சட்டையில், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். யாரோ இந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து போனாராம். முதல் இரண்டு நாள் பறவை வரவில்லையாம். மரம் மட்டும் இருந்தால் அது வெறும் மரம், பறவை வந்தால்தான் உயிர் என்று தெரிந்து, எடுக்காமலே திரும்பினாராம். மூன்றாம் நாள் மூன்றும் ஒன்றாக வந்தனவாம்.

எட்டு மணிக்கு முன்னால் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. கடைக் கதவைத் தினமும் திறந்தது நான். ஆனால் அது பெரிய விஷயம் இல்லை. முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்திய மனிதர், காற்றுக் குமிழியைப் பார்த்துப் பறவை என்று நம்பிவிட்டார். இருட்டறைக்குள் அவர் தலை நுழைந்திருந்தால் அந்த இடத்தில் அந்த அளவில் மூன்று புள்ளி என்றால் என்ன என்று சந்தேகமாவது வந்திருக்கும். அந்த வேலையை என்னிடம் விட்டவர், திருடும்போதும் என் வேலையை அறியாமலே திருடியிருக்கிறார்.

நான் கூட்டத்துக்குள் போனேன். "அண்ணே, இது என் படம்," என்றேன்.

அவருக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. "அட, நீயா? எப்படி இருக்கே?" என்றார். மற்றவர்களிடம் திரும்பினார். "இந்தம்மா அந்தக் காலத்துல நம்ம கடையில பென்சில் வேலை பார்த்தது. நல்ல பொண்ணு. இந்தப் படம்னா ரொம்ப ஆசை. நான்தான் கல்யாணத்துக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்."

பார்த்தீர்களா? என் வீட்டில் இருக்கிற பிரிண்டையும் ஒரே வாக்கியத்தில் தன்னுடையது ஆக்கிவிட்டார். இனி நான் அதைக் கொண்டு வந்து காட்டினால், அது அவர் கொடுத்த பரிசு.

ஒரு அம்மாள் என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

கத்தியிருக்கலாம். ஆனால் பென்சில் வேலை பார்த்த பெண் கத்தினால் அவருக்கு இன்னும் வசதி. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அது என்ன பறவை, அண்ணே?"

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "மைனாதான் லா," என்றார். "பினாங்குல வேற என்ன?"

"மூணாவதுக்கு ஒரு ரெக்கை குட்டையா இருக்கே."

"காத்துல திரும்புது. அந்தத் திருப்பத்துக்குத்தானே நான் மூணு நாள் காத்துக்கிட்டிருந்தேன்."

யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். நான் வெளியே வந்து பெரி மேடை வரை நடந்தே போனேன். வழியில் ஒரு தடவை வாய் விட்டுச் சிரித்தேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து நான் முதலில் செய்தது சோதனை. பெட்டியில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன ஒரு பழைய நெகட்டிவ் இருந்தது, இருபது வருடத்துக்கு முன்னால் டச்சிங் பழகியது, என் பென்சிலோடு. டர்பன்டைன் வாங்கி, பஞ்சில் தொட்டு, ஒரு இழுப்பு இழுத்தேன். பென்சில் முழுதும் பஞ்சோடு வந்துவிட்டது. வருடம் எத்தனை ஆனாலும் வரும். எனக்கு அது போதும்.

சிலர் என்னிடம் சொன்னார்கள், ஒரு மரத்துப் படம்தானே, விட்டுவிடு என்று. என் கணவரும் சொன்னார். அந்த மரத்துக்கு வேறு படம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். அதன் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆயிரம் பேர், ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. அது நின்றதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த நெகட்டிவ். அதை ஒரு மனிதர் தன் காத்திருப்பு, தன் விடியற்காலை, தன் மைனா என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் விட மாட்டேன். எனக்குப் பெருந்தன்மை இல்லை. எனக்கு அவர் அந்த மண்டபத்தில், அந்தப் பத்திக் சட்டையில், வாயடைத்து நிற்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பெருந்தன்மை வந்தாலும் வரலாம்.

நான் நல்லவள் என்றும் சொல்லவில்லை. வேலையை விடுவதற்கு முந்தின வாரம் அண்ணனும் அண்ணியும் ஜோடியாக எடுத்துக்கொண்ட படத்துக்கு டச்சிங் செய்தேன். அண்ணியின் முகத்தை நன்றாகச் செய்தேன். அண்ணனின் மூக்கு நிழலில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டேன், இன்னொரு பக்கத்தில் வேண்டாத வேலையைக் கொஞ்சம் செய்தேன். அந்தக் கோணல் மூக்கு இன்றும் கடைச் சுவரில் தொங்குகிறது. கடைக்குப் போகிறவர்கள் பார்க்கலாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன், அண்ணே.

நீங்கள் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பவர், இது உங்கள் கைக்கு வரும். வராவிட்டால் யாராவது கொண்டு வந்து தருவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு அதே மண்டபத்துக்கு வாருங்கள். அன்றைக்குக் கை தட்டியவர்களையும் கூப்பிடுங்கள். நான் பஞ்சும் டர்பன்டைனும் கொண்டு வருகிறேன். எல்லார் முன்னாலும் அந்த மூன்று பறவைகளின் மேல் நீங்களே ஒரு முறை துடையுங்கள். நான் தொட மாட்டேன். உங்கள் கையாலேயே துடையுங்கள்.

உண்மையில் பறந்த பறவை டர்பன்டைனுக்குப் போகாது. துடைத்த பிறகும் மைனா மைனாவாக இருந்தால், அந்தப் படம் உங்களுடையது. அங்கேயே உங்கள் காலில் விழுகிறேன், இந்தக் கட்டுரையை நானே கிழிக்கிறேன்.

துடைத்தால் படம் கெட்டுவிடும் என்று சொல்வீர்கள். கெடும். சிறகெல்லாம் போய் மூன்று உருண்டைப் புள்ளிதான் நிற்கும், பழையபடி என்னால்கூடத் திரும்ப வரைய முடியாது. கண் போய்விட்டது எனக்கு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அது கெடட்டும். உங்கள் பெயரோடு நன்றாக இருப்பதைவிட என் பெயரோடு கெட்டுப் போகட்டும்.

வர மாட்டேன் என்றால், ஏன் வர மாட்டீர்கள் என்பதை இதே பத்திரிகையில் எழுதுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். அண்ணியை விட்டு போன் செய்யச் சொல்ல வேண்டாம். நான் எல்லாரும் வாசிக்கக் கேட்டுவிட்டேன், நீங்களும் எல்லாரும் வாசிக்கப் பதில் சொல்லுங்கள்.

அது என்ன பறவை, அண்ணே?